கணினி குடத்தைக் குலுக்குவதில்லை

கொக்குவிலில் என்னிடம் கணிதம் படிக்கும் மாணவன் ஒருவன், வீட்டில் கிடந்த பழைய கணினியில் கியூபேசிக் (QBasic) என்ற நிரல் மொழியில் கீனோ ஆட்டத்தை எழுதி வைத்திருந்தான். சூதாட்ட மண்டபங்களில் ஆடப்படும் ஆட்டம் அது. 1 முதல் 80 வரையுள்ள எண்களில் சிலவற்றை நாம் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு 20 எண்கள் விழும். நம்முடையவற்றில் எத்தனை விழுந்தன என்பதைப் பொறுத்துப் பரிசு. அவனுடைய ஆட்டத்தில் காசு கிடையாது, புள்ளிகள்தான்.

"சேர், எப்போது திறந்தாலும் முதல் ஆட்டம் 57, 43, 47, 24, 25 என்றே தொடங்குகிறது. கணினியில் ஏதோ பழுது" என்றான்.

பழுது எதுவும் இல்லை. கணினி சொன்னதைப் பிசகாமல் செய்ததால்தான் அப்படி வந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரிக்கும் குடவோலை முறையை நினைத்துப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். இன்றும் கோயிலில் திருவுளச்சீட்டை ஒரு குழந்தையின் கையால்தான் எடுக்கிறோம். அடுத்து வருவது எது என்று எடுப்பவருக்கும் தெரியக்கூடாது, பார்ப்பவருக்கும் தெரியக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இதை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கணினிக்குள் குடமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஒரு கணக்குத்தான் இருக்கிறது. கியூபேசிக் 327680 என்ற எண்ணில் தொடங்குகிறது. இதை வித்து என்பார்கள். அதை 1140671485ஆல் பெருக்கி, 12820163ஐக் கூட்டி, 16777216ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. மீதி 11837123. அதை மறுபடியும் 16777216ஆல் வகுத்தால் 0.7055 என்ற பின்னம் கிடைக்கும். 80ஆல் பெருக்கினால் 56.4, தசமத்தை வெட்டி ஒன்றைக் கூட்டினால் 57. மாணவன் கண்ட முதல் எண் இதுதான். அந்த மீதியே அடுத்த சுற்றுக்கு வித்தாகிறது. 43 வருகிறது, பிறகு 47. ஏற்கெனவே விழுந்த எண் திரும்ப வந்தால் நிரல் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். தாளும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம்.

வித்து மாறாதவரை விளைச்சலும் மாறாது. அவன் நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம்: நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்பதைக் கடிகாரத்திடம் கேட்டு, அதிலிருந்து வித்தை அமைத்துக்கொள். ஒவ்வொரு முறையும் புதிய எண்கள் வரத் தொடங்கின.

இந்தச் சிறு தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1994இல் மொன்றியல் கசினோவில் ஒருவர் மின்னணுக் கீனோவில் மூன்று ஆட்டங்கள் தொடர்ச்சியாக 20க்கு 19 எண்களைச் சரியாகச் சொல்லி, சுமார் 6 இலட்சம் கனடிய டொலர் வென்றார். இயந்திரம் நாள்தோறும் ஒரே வித்திலிருந்தே தொடங்கியிருந்தது. எண்களின் வரிசை திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்திருந்தார்.

வித்தை மாற்றினாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. 80 எண்களிலிருந்து 20ஐ எடுக்கும் வழிகள் ஏறத்தாழ 35,000 கோடி கோடி. கியூபேசிக்கின் கணக்கில் வரக்கூடிய மீதிகளோ ஒரு கோடியே 68 இலட்சத்துக்கும் குறைவு. ஆகவே அந்த வீட்டுக் கணினி எத்தனை ஆண்டுகள் ஓடினாலும், கீனோவில் நிகழக்கூடியவற்றில் மிக மிகச் சிறிய ஒரு துளியைத் தவிர வேறெதையும் காட்ட முடியாது. விளையாட்டுக்கு அது போதும். பணம் வைத்து ஆடும் இயந்திரத்துக்குப் போதவே போதாது.

சில நாட்களில் மாணவன் வேறொரு கேள்வியோடு வந்தான். "17 பத்து ஆட்டமாக விழவில்லை. இனிக் கட்டாயம் விழும்தானே, சேர்?"

யாழ்ப்பாணத்தில் லொத்தர் சீட்டு வாங்குபவர்களிடம் இதே நம்பிக்கையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கணினி நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்றை, கடைசி மீதியை. 17 எப்போது கடைசியாக விழுந்தது என்பதை அது எங்கும் எழுதி வைப்பதில்லை. ஓர் எண் ஓர் ஆட்டத்தில் விழாமலிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. நான்கில் மூன்றைப் பத்துத் தடவை பெருக்கினால் சுமார் 5.6 சதவீதம். 80 எண்களில் அது நாலரை எண்கள். எந்தப் பத்து ஆட்டங்களை எடுத்தாலும் நான்கைந்து எண்கள் தலைகாட்டாமல் இருப்பதுதான் இயல்பு. ஒன்றுகூட விடுபடாமல் எல்லாம் விழுந்திருந்தால்தான் எனக்கு ஐயம் வரும்.

ஒரே எண்ணில் கட்டினால் வெல்ல நான்கில் ஒரு வாய்ப்பு. வென்றால் கட்டியதைப் போல மூன்று மடங்கு கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக எழுபத்தைந்துதான் திரும்பும். பத்து எண்களைத் தெரிவுசெய்து பத்தும் விழ, 8,911,711இல் ஒரு வாய்ப்பு.

மாணவன் இதை என் வாயால் கேட்டதோடு நிற்கவில்லை. பத்துப் பத்து ஆட்டங்களாக ஆயிரம் தடவை கணினியை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் விழாத எண்களை எண்ண வைத்தான். இரவு மின்சாரம் போவதற்குள் சராசரி திரையில் வந்துவிட்டது. நாலரையை ஒட்டி நின்றது.