ஹைட்ரோதெரபி: வெந்நீர்க் குளியல் (சொல் விளக்கம்)

கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ என்றால் நீர். ‘தெரபியா’ என்றால் பணிவிடை, பிறகு அதுவே நோயாளியைக் கவனித்துக் குணமாக்குவதையும் குறித்தது. இரண்டும் சேர்ந்த ‘ஹைட்ரோதெரபி’ ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அதற்கு முன் புழங்கியது ‘ஹைட்ரோபதி’. மத்திய ஐரோப்பாவில் சிலேசியா பகுதியின் கிராஃபென்பெர்க் என்ற ஊரில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) நடத்திய சிகிச்சையோடு பரவிய பெயர் அது. அவர் நம்பியது குளிர்ந்த நீரை. இன்று வலிக்கும் விறைப்புக்கும் பெரும்பாலும் வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துகிறார்கள்.

துறை முழுவதற்கும் ‘நீர் மருத்துவம்’ பொருந்தும். ‘நீர்ச் சிகிச்சை’யும் வழக்கில் உண்டு. அடிபட்ட தசையையும் மூட்டையும் வெதுவெதுப்பான நீரில் வைத்திருப்பதற்கு ‘வெந்நீர்க் குளியல்’ என்பதே சரியான சொல். வெம்மை + நீர் = வெந்நீர்; ‘வென்னீர்’ என்று எழுதுவது பிழை. குளித்தல் என்பதற்கு மூழ்குதல் என்ற பொருளும் உண்டு. முத்துக்குளித்தலில் இருப்பது அதுதான். இங்கே வேண்டியதும் அந்தப் பொருளே. மொண்டு ஊற்றிக்கொண்டால் சூடு தோலை நனைத்து ஓடிவிடும். மூழ்கினால்தான் சூடு நின்று இறங்கும். நீரின் அழுத்தம் வீக்கத்தை வடியச் செய்யும். நீர் உடலைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் சுமக்கின்றன. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. தரையில் ஊன்ற முடியாத முழங்கால் நீரில் நடப்பது இதனால்தான்.

துணியால் சூடு வைப்பது ஒற்றடம் (பேச்சில் ஒத்தடம்). ‘ஒற்று’ என்பதிலிருந்து வந்தது, குளியலோடு சேர்க்கக் கூடாது. ‘சிட்ஸ் பாத்’தில் உள்ள சிட்ஸ், உட்காருதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல், தமிழில் இடுப்புக் குளியல்.

வெந்நீர் என்றதும் கை பொறுக்காத சூட்டில் இறங்கிவிடுகிறார்கள். அது தவறு. 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் போதும். 40-ஐத் தாண்ட வேண்டாம். வெப்பமானியால் அளந்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குக் கொப்புளம் எழும்வரை சுடுவதே தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

கணுக்கால் சுளுக்கை எடுத்துக்கொள்வோம். முதல் 48 முதல் 72 மணி நேரம் வெந்நீர் வேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிவதால் வீக்கம் கூடும். தொட்டால் சுடுகிறது, சிவந்திருக்கிறது என்றால் இன்னும் பொறுங்கள். வீக்கம் தணிந்த பின், கணுக்காலுக்கு ஒரு சாண் மேல்வரை நீர் நிற்கும் பாத்திரத்தில் காலை 15 நிமிடம் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் அசைக்காதீர்கள், தசை இளகட்டும். பிறகு பாதத்தை மேலும் கீழுமாகப் பத்து முறை, உள்ளும் வெளியுமாகப் பத்து முறை, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி மெதுவாக அசையுங்கள். நீர் ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டே சூடான நீர் சேர்க்க வேண்டும். துடைத்த கையோடு தசையை நீட்டும் பயிற்சியைச் செய்தால் பலன் அதிகம்; சூடு ஆறியபின் விறைப்பு திரும்பிவிடும்.

எப்சம் உப்பு சேர்ப்பதில் தவறில்லை. இங்கிலாந்தின் எப்சம் ஊரால் பெயர்பெற்ற மெக்னீசியம் சல்பேட் அது. ஆனால் மெக்னீசியம் தோல் வழியே போதிய அளவு உள்ளே போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

உடல் முழுக்க மூழ்கினால் 20 நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள், அதுவும் மெதுவாக. விரிந்த குழாய்களால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். திறந்த புண், பிரிக்காத தையல், காய்ச்சல் இருந்தால் குளியல் கூடாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின்பே இறங்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமின்றி வீங்கி வலித்தால் அது ஆழ்சிரை இரத்த உறைவாக (காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் இரத்தம் கட்டிக்கொள்வது) இருக்கலாம். வெந்நீரில் வைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.