இதுதாண்ணா பேக்கப்

முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எங்கள் கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஹார்டு டிஸ்கிலும் மெமரி கார்டிலும் தொலைந்ததைத் தோண்டி எடுப்பது என் தொழில், பதினான்கு வருடமாக. ஆடிட்டர்கள் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். கண் கலங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள்தான்.

போன மாதம் வந்தது ஸ்ரீராம்புரத்துப் பையன். கையில் மஞ்சள் தாம்பூலப் பை, மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் சிவப்பு மையில் அச்சடித்தது. தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஹார்டு டிஸ்க். அந்தக் கல்யாணம் முழுக்க அதற்குள்தான். எடிட்டிங் மேஜையிலிருந்து கேபிளோடு விழுந்திருக்கிறது. என்ன சத்தம் வருகிறது என்று போனில் பதிவு செய்து வைத்திருந்தான். டக், டக், டக். எட்டு தடவை செருகிப் பார்த்தானாம்.

"கார்டுல இருக்குமேப்பா?"

"ஃபார்மட் அடிச்சு ஓசூர்ல ஒரு ரிசப்ஷன் எடுத்துட்டேன்ணா."

"சரி, பேக்கப் எங்கே?"

விழித்தான். பிறகு தாம்பூலப் பையைத் தொட்டுக் காட்டினான். "இதுதாண்ணா பேக்கப்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டுவிட்டேன்! டிஸ்க் வந்த டப்பாவில் ‘பேக்கப்’ என்று அச்சடித்திருந்தால் உள்ளே போவதெல்லாம் பேக்கப் ஆகிவிடுமா? கார்டிலிருந்து டிஸ்குக்குப் போட்டீர்கள், கார்டை அழித்தீர்கள். படம் வீடு மாறியது, அவ்வளவுதான். ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் இரண்டு சாவி இருக்கிறது என்று சொல்வீர்களா? இரண்டாவது பிரதி இருந்தால்தான் அதற்குப் பெயர் பேக்கப். ஒன்று போனால் இன்னொன்று நிற்க வேண்டும். எந்த ஒன்று போனாலும்.

இதைச் சொன்னால் உடனே, "என்கிட்ட ரெண்டு காப்பி இருக்குண்ணா, ஒண்ணு டி டிரைவ்ல, ஒண்ணு இ டிரைவ்ல" என்பார்கள். டி-யும் இ-யும் ஒரே டிஸ்கை இரண்டாகத் தடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு அறை. வீடு விழுந்தால் அறை மட்டும் நிற்குமா? கொஞ்சம் வசதியான ஸ்டூடியோக்காரர்கள், "ரெய்டு போட்டிருக்கேன் சார்" என்பார்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் ‘ரெய்டு 1’ ஏற்பாட்டில் ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேலை செய்யும், உண்மை. ஆனால் உங்கள் எடிட்டர் தூக்கக் கலக்கத்தில் ஃபோல்டரை டெலீட் செய்தால் இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே போய்விடும். கூகுள் போட்டோஸ் ஆட்களும் உண்டு. 2021 ஜூன் 1 முதல் அங்கே இலவசம் மொத்தம் 15 ஜிபி, அதிலும் மெயில் பங்கு கேட்கும். 25 எம்பி வீதம் 3,000 ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) எடுத்தால் ஒரு கல்யாணமே 75 ஜிபி. அதோடு போனில் அழித்தால் அங்கேயும் அழியும். சிங்க் (இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது) வேறு, பேக்கப் வேறு. எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பையனிடம் கேமரா என்ன என்று கேட்டேன். கார்டு போட இரண்டு ஸ்லாட் உள்ளது. இரண்டாவது ஸ்லாட் காலி. "இன்னொரு கார்டு வாங்கணுமேண்ணா" என்கிறான். டிரோன் வைத்திருக்கிறான், கிம்பல் வைத்திருக்கிறான், கார்டுக்குத்தான் காசில்லை. 2018ல் நிகான் இசட்6, கேனன் ஈஓஎஸ் ஆர் இரண்டும் ஒரே ஸ்லாட்டோடு வந்தபோது ஊர்பட்ட கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் சண்டைக்குப் போனார்கள். 2020ல் வந்த இசட்6 டூவிலும் ஆர்6லும் இரண்டு ஸ்லாட் வைத்தார்கள். இத்தனை ரகளைக்குப் பிறகு கிடைத்த ஓட்டையைக் காலியாக வைத்துக்கொண்டு திரிகிறோம். கார்டு போட்டிருப்பவர்களும் மெனுவைப் பார்ப்பதில்லை. ‘ஓவர்ஃப்ளோ’ என்றால் முதல் கார்டு நிறைந்த பிறகுதான் இரண்டாவதில் எழுதும். ‘பேக்கப்’ என்று மாற்றுங்கள். கேனன்காரர்கள் ‘ரெக் டு மல்டிபிள்’. மண்டபத்துக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிஷ வேலை.

கார்டுகளுக்கு நம்பர் எழுதுங்கள். எடுத்து முடித்த கார்டைக் கழற்றியதும் பக்கவாட்டு லாக்கைத் தள்ளி, பெட்டியில் முகம் கீழாக வையுங்கள். ஃபார்மட் என்பது அடுத்த கல்யாணத்தின் காலையில், கேமராவுக்குள், இரண்டு பிரதியைத் திறந்து பார்த்த பிறகுதான். திறந்து பார்ப்பது என்றால் ஃபோல்டரை அல்ல, படத்தை: முதலில் பத்து, நடுவில் பத்து, கடைசியில் பத்து. ஃபைல் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். கார்டிலிருந்து இரண்டு டிஸ்குக்கும் தனித்தனியாக ஏற்றுங்கள். முதல் டிஸ்கில் கெட்டுப்போய் இறங்கியதை அப்படியே இரண்டாவதுக்குத் தாரை வார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு டிஸ்கும் ஒரே பீரோவில் வேண்டாம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் வெள்ளம் வந்தபோது பிரதிகளும் சேர்ந்துதான் நனைந்தன. ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில், முடிந்தால் மூன்றாவது கிளவுடில். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற இந்தக் கணக்கைப் பரப்பிய பீட்டர் க்ரோக் கம்ப்யூட்டர் ஆள்கூட இல்லை, நம்மைப் போலக் கேமரா தூக்கிய அமெரிக்கர். 75 ஜிபியை எப்படி ஏற்றுவது என்று மலைக்காதீர்கள். அப்லோட் வேகம் நிஜமாகவே 100 எம்பிபிஎஸ் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள், அது பாட்டுக்கு ஏறட்டும்.

பையன் கதைக்கு வருகிறேன். "அந்தக் கார்டையும் கொண்டு வா" என்றேன். ஃபார்மட் செய்தாலும் மேலே எழுதாத வரை பழைய படம் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். கல்யாணத்தன்று காலை புதுக் கார்டு போட்டுத் தொடங்கியதால் முகூர்த்தம்தான் கார்டின் தொடக்கத்தில் இருந்தது. ஓசூர் ரிசப்ஷன் நேராக அதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. பந்தி முழுசாகக் கிடைத்தது. இலையில் பாயசம் விழும் துளிவரை அத்தனை துல்லியம்.

டிஸ்கைத் திறந்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் ஹெட்டை, அதாவது தட்டில் உள்ளதைப் படிக்கும் முனையை, கழற்றிப் பொருத்தினோம். எட்டு தடவை செருகியதில் தட்டில் கீறல் விழுந்திருந்தது. நலங்கும் ஊஞ்சலும் வந்தன. தாலி கட்டும் படங்களில் பாதிக்கு மேல், மேலே மாப்பிள்ளையின் நெற்றி தெரிகிறது, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. பெண்ணின் அப்பா கடைக்கே வந்திருந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். "கீழே ஸ்க்ரோல் பண்ணுங்க தம்பி, மீதி இருக்கும்" என்றார். நான் ஸ்க்ரோல் செய்தேன், அவருக்காக.

ஆகவே தயவுசெய்து, டிஸ்க் டக் டக் என்றால் இன்னொரு தடவை செருகிப் பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நனைந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், அது பொங்கலுக்கு. கார்டை அழித்துவிட்டீர்கள் என்று தெரிந்த நொடியே கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றுங்கள், ஒரு படம்கூட எடுக்காதீர்கள். இலவச சாஃப்ட்வேரில் மீட்ட படங்களை அதே கார்டில் சேவ் செய்து, இருந்ததையும் அழித்துக்கொண்டு வந்தவர் இந்த வருஷம் மட்டும் மூன்று பேர். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் டெலீட் செய்திருந்தால் முதலில் போன் செய்யுங்கள். டெலீட் செய்த இடத்தைத் தானே துடைத்துவிடும் டிரிம் ஓடியிருந்தால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான், வீண் அலைச்சல்.

வரும்போது டிஸ்கை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு நம் ஊர்ப் பள்ளங்களில் குதித்து வராதீர்கள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி நடந்து வாருங்கள். எங்கள் தெருவில் பார்க்கிங்கும் கிடைக்காது.