அந்தரா ஊசியும் நிற்காத கசிவும்

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘அந்தரா’ கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருக்கிறதாம். “உள்ளே புண்ணாகியிருக்கும், ஊசியை விட்டுவிடு” என்கிறார் மாமியார். “நாலு ஊசி போட்டால் தீட்டே வராமல்கூடப் போகும்” என்கிறார் நர்ஸ். நிற்காமல் வருவதும் வராமலே போவதும் ஒரே மருந்தால் எப்படி என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் அதே மருந்தால்தான். எப்படி என்று புரிய, மாதவிடாய் ரத்தம் எப்படி வருகிறது என்பதை விட, அது எப்படி நாலைந்து நாளில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடம் எல்லோருக்கும் தெரியும். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சுவரை வளர்க்கிறது. முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரான் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், சுவர் உரியும். இதைக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மார்க்கி. ரீசஸ் குரங்கின் கருப்பை உள்சுவரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணுக்குள், கருவிழிக்கு முன்னால் இருக்கும் இடத்தில் பதித்துவிட்டார்! கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அங்கே மாதவிடாயைப் பார்க்கலாம். அவர் 1940ல் எழுதியது இதுதான்: ரத்தம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சுருள் தமனிகள் (உள்சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் சுருண்ட குழாய்கள்) இறுகுகின்றன, திசு வெளுக்கிறது, பிறகுதான் கசிகிறது. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கும் வேலை என்பதால் முடிவதும் சேர்ந்தே முடிகிறது. உரிந்த இடம் சில நாளில் மூடிக்கொள்கிறது, அடுத்த சுற்று ஈஸ்ட்ரோஜன் வந்து அதை மறுபடி வளர்க்கிறது.

சரி, ஊசிக்கு வருவோம். அந்தராவில் இருப்பது 150 மில்லிகிராம் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் அசிடேட். புரோஜெஸ்டிரான் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள். தசையில் போட்டால் மூன்று மாதம் மெதுவாக ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். முட்டை வெளிவராது, சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனும் குறையும். ஹார்மோன் ‘இறங்கும் நாள்’ என்று ஒன்று இல்லாததால், உரிவதற்கான உத்தரவும் வருவதில்லை. சுவர் வளராமல் மெலிந்துகொண்டே போகிறது.

அப்படியானால் ரத்தம் வரவே கூடாதே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தகைய மருந்து எடுக்கும் பெண்களின் கருப்பைக்குள் சிறு கேமரா குழாயை விட்டுப் பார்த்த மருத்துவர்கள் கண்டது, மெலிந்த சுவரின் மேல்பரப்பிலேயே ஓடும் வீங்கிய ரத்தக்குழாய்கள். ஆங்காங்கே ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள். சாதாரணமாக நுண்ணிய ரத்தக்குழாய் ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து சில செல்கள் கட்டிப்பிடித்துத் தாங்குகின்றன. பெரிசைட் என்று பெயர். இந்தக் குழாய்களில் அந்தத் தாங்கல் குறைந்துபோகிறது, அடியில் இருக்க வேண்டிய சவ்வும் வலுவிழக்கிறது. இன்னொரு பக்கம், சுவருக்கு வரும் ரத்த ஓட்டம் குறைவதால் திசுவுக்கு ஆக்சிஜன் பற்றாது. ஆக்சிஜன் கேட்டுப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, அவசரத்தில் முளைத்தவை, அகலமாகவும் மெல்லியதாகவும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி கொடியில் காயப்போட்டாலே கிழிவதுபோல, இவை உடைய யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இன்று இங்கே ஒரு குழாய், நாளைக்கு அங்கே ஒன்று. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் காலண்டரும் கிடையாது. மாதங்கள் போகப் போக சுவர் இன்னும் மெலிந்து, கசியவே அதிகம் இல்லாத நிலைக்கு வந்துவிடும். ஓராண்டு ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தம் நின்றேபோகிறது. நர்ஸ் சொன்னது இதைத்தான். “வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்குமே” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வெளியேற ஒன்று உருவானால்தானே தேங்குவதற்கு? நாற்றே நடாத வயலில் அறுவடை நின்றுபோனதாகக் கவலைப்படுவது போலத்தான் இது. கெட்ட ரத்தம் என்று கருப்பைக்குள் தனியாக ஒன்றும் இல்லை.

கருத்தடை மாத்திரையின் கதை வேறு. அரசு தரும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் வருவது உண்மையில் மாதவிடாய் அல்ல, மருந்து நின்றதால் வரும் ரத்தம். ஈஸ்ட்ரோஜன் ஏன் சேர்ந்தது என்பது ஒரு சுவையான விபத்து. 1950களில், கருத்தடை மாத்திரையை உருவாக்கிய அமெரிக்க ஆய்வாளர் கிரகரி பிங்கஸின் குழு சோதித்த மருந்தில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் துளியூண்டு கலப்படமாக இருந்தது. மருந்தைச் சுத்தம் செய்தார்கள். உடனே பெண்களுக்கு இடையிடையே ரத்தம் அதிகமாகப் பட ஆரம்பித்தது. ‘அழுக்கை’ அளந்து திரும்பச் சேர்த்தார்கள். அப்படி வந்த ஈனோவிட், 1957ல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் 1960ல் கருத்தடைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போர்ட்டோ ரிக்கோவில் அதைச் சோதித்தபோது பெண்கள் சொன்ன பக்கவிளைவுகளில் பெரும்பகுதியை மனப்பிரமை என்று பிங்கஸ் ஒதுக்கியதும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது.

மாத்திரை எடுப்பவர்களுக்கு இடையில் ரத்தம் பட்டால், முதலில் மாத்திரை விட்டுப்போனதா என்று பாருங்கள். அப்புறம், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறீர்களா? அது கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாக அழித்துவிடும். அந்தக் கசிவு, கரு தங்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கசிவுக்கு மருந்து உண்டா? மெஃபனமிக் அமிலம் சில நாள் கொடுக்கிறார்கள், சிலருக்கு ஈஸ்ட்ரோஜன். நடந்துகொண்டிருக்கும் கசிவை அவை குறைக்கலாம், அடுத்த முறை வராமல் தடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின்கூட முயன்று பார்த்தார்கள், கிருமியைக் கொல்ல அல்ல, திசுவைக் கரைக்கும் நொதிகளை அடக்க. முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. ஹார்மோன் கருத்தடை மருந்துகளை அறுபது ஆண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான பெண்கள் எடுக்கிறார்கள். பெண்கள் பாதியில் நிறுத்துவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தக் கசிவு. இதற்கு இன்னும் உறுதியான தீர்வு இல்லையென்றால், ஆராய்ச்சிப் பணம் யாருடைய தொந்தரவைப் பெரிதாக நினைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. இத்தனைக்கும் செலவில்லாத ஒரு வழி பலன் தந்திருக்கிறது. 1990களில் சீனாவில் நடந்த ஓர் ஆய்வில், ரத்தம் எப்படியெல்லாம் மாறும் என்று ஊசிக்கு முன்பே விளக்கமாகச் சொல்லப்பட்ட பெண்களில் ஓராண்டுக்குள் நிறுத்தியவர்கள் 11 சதவீதம். வழக்கமான அளவுக்கே சொல்லப்பட்டவர்களில் 42 சதவீதம்.

வாசகிக்கு: மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, ஊசி போட்டபோதே கரு தங்கியிருந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி இது புண் அல்ல. ஊசியை விடுவதும் தொடர்வதும் உங்கள் முடிவு. ஆனால் இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கசிவு நிற்கும் என்று மாமியார் நினைத்தால், அது நடக்காது. போட்ட ஊசியை வெளியே எடுக்க வழியில்லை, அது மூன்று மாதக் கணக்கை முடித்துவிட்டுத்தான் போகும். விடுவதாக இருந்தால், அடுத்த ஊசித் தேதிக்குள் காப்பர்-டி, சாயா மாத்திரை என்று வேறொன்றை நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.