கிச்சடிக்குள் புகுந்த புகைமீன்

வெண்பொங்கலில் பருப்பை எடுத்துவிட்டு மீனைப் போட்டால் நம் வீட்டில் சண்டைதான் வரும். ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். அரிசியும் பருப்பும் குழைந்த வடஇந்தியக் கிச்சடி, விக்டோரியா காலத்து வீடுகளில் 'கெட்ஜரீ' என்ற காலை உணவாகிப் போனது. பருப்பு போய் ஹேடாக் மீன் வந்தது. கூடவே அவித்த முட்டை, வெண்ணெய், கொஞ்சம் கறிப்பொடி.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில் காலையிலேயே கடல்மீன் எப்படிக் கிடைத்தது? புகைதான் காரணம். ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்குத் தெற்கே இருக்கும் ஃபின்டன் என்ற சிற்றூர் இதற்குப் பேர் போனது. மீனைப் பிளந்து முதலில் உப்புநீரில் ஊறவைப்பார்கள். உப்பு சதையிலிருந்து நீரை இழுத்துவிடும். மிச்சமிருக்கும் நீரும் உப்பேறிப் போவதால் பாக்டீரியா பெருகத் திணறும். இதுவரை நம் கருவாட்டுக் கதையேதான். ஆனால் அங்கே நம்மூர் வெயில் கிடையாதே! அதனால் புகையில் தொங்கவிட்டார்கள்.

விறகு கனலும்போது அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைந்து பீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. இவை மீனின் மேல் படிந்து கிருமிகளைத் தடுக்கும், கொழுப்பு சிக்குவாடை அடிக்காமலும் காக்கும். ஹேடாக்கில் கொழுப்பு குறைவு. காலைத் தட்டின் இன்னொரு மீனான கிப்பர், அதாவது புகைபோட்ட ஹெர்ரிங், கொழுப்பு மிகுந்தது. பீனாலின் உதவி அதற்குத்தான் அதிகம் தேவை. புகையிலுள்ள வேறு சில பொருள்கள் புரதத்தோடு வினைபுரிந்து பொன்பழுப்பு நிறம் தரும். கடையில் பளீரென்று மஞ்சளாக இருக்கும் ஹேடாக்கோ பெரும்பாலும் சாயம் ஏற்றியது. சிலவற்றில் அந்தச் சாயம் நம் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின்தான்!

ஹேடாக்குக்குப் போடுவது சூடில்லாத புகை, 30 டிகிரிக்குள். ஆகவே மீன் வேகாது, பச்சையாகவே இருக்கும். சமைப்பவர்கள் அதைப் பாலில் போட்டு, கொதிக்க விடாமல் சிறுதீயில் வைப்பார்கள். மீன் சதையின் அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். முள்கரண்டியால் லேசாகத் தள்ளினாலே சதை இதழ் இதழாகப் பிரியும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சக்கைதான் மிஞ்சும்.

அந்தப் பாலைக் கொட்டிவிடக் கூடாது. மீனின் உப்பு அதில் இறங்கியிருக்கும். புகையின் மணமும் பால்கொழுப்பில் கரைந்திருக்கும். உதிரியாக வடித்த சோற்றில் இரண்டு கரண்டி விட்டுக் கிளறினால், மீன் படாத பருக்கையிலும் புகை வாசம் இருக்கும்.