பிரிண்டில் ஓரத்து ஆளைக் காணோமே!

கல்யாணக் குரூப் போட்டோவில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்கள். 8-க்கு 10 அங்குல பிரிண்டில் முதலில் காணாமல் போவதும் அவர்கள்தான். போனில் முழுசாக இருந்த பெரியம்மா, ஃபிரேமுக்குள் வரும்போது ஒரு தோளாக மட்டும் மிஞ்சுகிறார்.

காரணம் எளிய கணக்கு. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் படம் 3:2 விகிதம்; உதாரணமாக 6000 × 4000 பிக்சல். 8-க்கு 10 தாளோ 5:4. உயரம் 4000-ஐ அப்படியே வைத்தால் அகலத்தில் 5000 தான் கொள்ளும். மிச்சம் 1000 பிக்சல், அதாவது ஆறில் ஒரு பங்கு வெளியே போகும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பிரிண்ட் போடும் லேபின் மென்பொருள் பொதுவாக நடுவை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 500 வெட்டிவிடும். அதற்கு முகமும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

இதே படத்துக்கு 8-க்கு 12 அல்லது 12-க்கு 18 கேட்டிருந்தால் விகிதம் பொருந்தி, யாரும் வெட்டுப்பட மாட்டார்கள். போன் படம் வழக்கமாக 4:3. அதற்கு 6-க்கு 8 சரியாக உட்காரும். 4-க்கு 6 போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு போகும்: போனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்திருந்தால் மேலும் கீழும், நிமிர்த்திப் பிடித்திருந்தால் பக்கவாட்டில். ஆகவே ஃபிரேம் வாங்கும் முன்பே சைஸை முடிவு செய்யுங்கள். வீட்டில் ஏற்கெனவே 8-க்கு 10 ஃபிரேம் இருக்கிறதென்றால், எதை விடுவது என்பதை நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

வெட்டும்போது முதலில் சாய்வைச் சரிசெய்யுங்கள். படத்தைத் திருப்பினால் மூலைகள் கொஞ்சம் போகும். கடைசியில் திருப்பினால் அளந்து வைத்த ஓரமும் சேர்ந்து போகும். பிறகு கிராப் என்ற வெட்டும் கருவியில் விகிதத்தைப் பூட்டிவிட்டு நகர்த்துங்கள். போட்டோஷாப்பில் ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) கட்டத்தைக் காலியாக விடுவது நல்லது. அங்கே 300 என்று போட்டால், படத்தில் அவ்வளவு பிக்சல் இல்லாதபோது இல்லாத பிக்சலை மென்பொருள் தானாக இட்டு நிரப்பும். எண் 300 காட்டும், படத்தில் தெளிவு கூடியிருக்காது. ஒரிஜினலைத் தொடாமல் காப்பியாகச் சேமியுங்கள்.

ஓரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். பார்டர் இல்லாத பிரிண்டில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க மிஷின் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும். அதில் ஓரிரு மில்லிமீட்டர் போகும். ஃபிரேமின் உள்விளிம்பு இன்னும் 5 மில்லிமீட்டர் வரை மறைக்கும். முகம், கை, செருப்பு நுனி எல்லாம் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். அதற்கும் இடமில்லையா? வெள்ளை பார்டரோடு முழுப் படமும் வேண்டும் என்று லேபில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வெட்டிய பிறகு மிஞ்சிய பிக்சலை அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 வந்தால் அருமை, 200 தாராளம், 150-க்குக் கீழே போனால் கையில் வைத்துப் பார்க்கும்போது மங்கல் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவில்தான் இருக்கும். 4-க்கு 6-க்கு அது போதும்; 12-க்கு 18-ல் அங்குலத்துக்கு 89 தான் கிடைக்கும். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

இந்தக் கணக்கு அதிகம் வலிப்பது இறந்தவர் படத்தில். தனிப்படம் இருக்காது, பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, மாலை போட 12-க்கு 15 கேட்பார்கள். வெட்டிய பகுதி 720 × 900 பிக்சல் என்றால் 12-க்கு 15-ல் அங்குலத்துக்கு 60. கண் கரைந்து, சாயல் மாறிவிடும். அதே படம் 4-க்கு 5-ல் 180 வரும், அவர் அவராகவே இருப்பார். சின்ன பிரிண்ட்டைச் சுற்றி அகலமான மவுண்ட் அட்டை வைத்து 12-க்கு 15 ஃபிரேமில் மாட்டலாம். காகிதப் போட்டோ வீட்டில் இருந்தால், அதை போனில் படமெடுத்து அனுப்பாமல் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து தாருங்கள்.