சஸ்டெயினபிலிட்டி: நிலைத்தன்மையா, பேண்தகைமையா?

பல்கலைக்கழகங்கள் இன்று வெளியிடும் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் சஸ்டெயினபிலிட்டி. தமிழில் இதற்கு நிலைத்தன்மை, நிலைபேறு, பேண்தகைமை, வளங்குன்றாமை என்று பல சொற்கள் புழங்குகின்றன. எழுதுகிறவர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிலைத்தன்மை. எனக்கு அது போதவில்லை.

வேரிலிருந்து பார்ப்போம். லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'டெனேரே' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்த 'சஸ்டினேரே', கீழிருந்து தாங்கிப் பிடிப்பதைக் குறிக்கும். தாங்குகிற கை ஒன்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்று நாம் கொள்ளும் பொருளோ காட்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் மரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. அங்கே சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், 1713இல் வெளியிட்ட காடு வளர்ப்பு நூலில், மரத்தைத் தொடர்ந்து கிடைக்கும்படி பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு அவர் கையாண்ட சொல் 'நாக்ஹால்டெண்ட்'. 'நாக்' என்றால் பின்பு, 'ஹால்டென்' என்றால் பிடித்தல். பின்னால் வருபவர்களுக்கும் பிடித்து நிற்கும்படியான பயன்பாடு என்று அதை விரித்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் எவ்வளவு வளர்கிறது என்று பார் என்ற வனக் கணக்கு அது. 1987இல் சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் அந்தக் கணக்கை உலகத்துக்கே விரித்தது: இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளலாம், ஆனால் வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடக் கூடாது.

இனித் தமிழுக்கு வருவோம். நிலைத்தன்மை என்பதை 'ஸ்டெபிலிட்டி'க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். விலை நிலைத்தன்மை, அரசியல் நிலைத்தன்மை என்கிறோம். அசையாமல் இருப்பதே அதன் பொருள். காடோ அசையாமல் இருப்பதில்லை, வெட்டப்படுகிறது, வளர்கிறது. 'எங்கள் வளாகம் நிலைத்தன்மை உடையது' என்று எழுதினால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. 'பேணுகிறோம்' என்று எழுதிப் பாருங்கள். யார் பேணுகிறார்கள், எதை, எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்விகள் உடனே எழும்.

பேண்தகைமையை நான் விரும்புவது இதனால்தான். உடம்பைப் பேணு, உறவைப் பேணு என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்தப் 'பேண்' தாங்குகிற கையைத் திரும்பக் கொண்டுவருகிறது. 'தகு' இயலும் தன்மையைத் தருகிறது, 'மை' அதைப் பண்புப்பெயராக்குகிறது. ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் உறுப்புக்கும் இதில் ஈடு உண்டு. ஓசை கரடுமுரடு என்பார்கள்; புழங்கப் புழங்க வழவழப்பாகிவிடும். வளர்ச்சியோடு சேர்த்துச் சொல்லும்போது மட்டும் 'வளங்குன்றா வளர்ச்சி'யே அழகும் தெளிவும் உடையது. இலங்கையில் வேரூன்றிய 'நிலைபேறான அபிவிருத்தி'யும் நல்ல வழக்குதான். பேறு என்பது அடைய வேண்டிய ஒன்று என்பதால் அதில் முயற்சி தொனிக்கிறது. 'பசுமை'யை மட்டும் ஈடாக எழுதாதீர்கள். மரம் நடுவதோடு பொருள் சுருங்கிவிடும். மனிதர் நலனும் சேர்ந்தது என்பதால், துப்புரவுப் பணியாளரின் ஊதியமும் பேண்தகைமையில் அடங்கும்.

பல்கலைக்கழகங்கள் இந்தச் சொல்லைத் தம் பொறுப்பாக ஏற்றதில் 1990 முக்கியமான ஆண்டு. பிரான்சின் தல்லுவாரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்சச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தனர். ஆனால் அறிவிப்பு வேறு, அறிக்கை வேறு. 'ரிப்போர்ட்' என்பதன் வேர்ப்பொருள் திரும்பச் சுமந்து வருதல். போய்ப் பார்த்தவர் செய்தியோடு திரும்ப வேண்டும். இத்தகைய அறிக்கையில் வரும், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் கணக்கு மூன்று வட்டமாகப் பிரிகிறது: வளாகத்தில் எரிக்கும் எரிபொருள், விலைக்கு வாங்கும் மின்சாரம், பிறகு மாணவர் பயணமும் கொள்முதலும் கழிவும் போன்ற மற்றவை. மூன்றாவதை அளப்பது கடினம், அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டதை விட்டோம் என்று எழுதும் அறிக்கையையே நான் நம்புவேன்.

இந்த அறிக்கைகளில் சேர்ந்து வரும் 'அவேர்னெஸ்' சொல்லுக்கு விழிப்புணர்வு மிகப் பொருத்தம். ஆங்கில வேரும் விழிப்போடு இருப்பதையே குறிக்கிறது. ஆனால் பல்கலைக்கழகங்களில் இது சுவரொட்டி, உறுதிமொழி என்று தேய்ந்துவிட்டது. உயர்கல்வி நிறுவனங்களின் பேண்தகைமையை அளக்கும் 'ஸ்டார்ஸ்' மதிப்பீட்டு முறை, மாணவருக்கு என்ன தெரியும் என்பதையும் வளாகத்தின் பண்பாடு எப்படி இருக்கிறது என்பதையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறது. தெரிந்திருப்பதும் அதன்படி நடப்பதும் வெவ்வேறு என்பதால் முதலாவதைப் பேண்தகைமை அறிவு என்றும், இரண்டாவதைப் பேண்தகைமைப் பண்பாடு என்றும் பிரித்தே எழுதலாம். நீங்கள் எழுதுவது முழு அறிக்கை என்றால், அட்டையில் 'பேண்தகைமை அறிக்கை' என்று அச்சிடுங்கள்.