44 சென்டிமீட்டர் சுவரும் ஒரு எலியின் கணக்கும்

"வீணையோடு உட்கார்ந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. ஆனால் உட்காரத்தான் மாட்டேன் என்கிறேன். பிடித்த வேலைக்கே இப்படி என்றால் அது நிஜமான ஆர்வம்தானா, இல்லை நான் வெறும் சோம்பேறியா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பிடித்திருந்தால் செய்யத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை என்றால் பிடிக்கவில்லை. இந்தக் கேள்வி இப்படி ஒரு கணக்கின் மேல் நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் போடும் கணக்குதான் இது. மூளை ஆய்வாளர்களும் வெகுகாலம் இதையேதான் போட்டார்கள்.

டோபமைன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருள். 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். இந்தப் பட்டம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, விசையை அழுத்தினால் அந்த இடத்தில் மின்துடிப்பு கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் விசையை விடாமல் அழுத்தின. 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று உலகம் குதித்தது. பிறகு அந்த நரம்புச் சுற்றில் டோபமைன் ஓடுவது தெரிந்ததும் இன்பமும் டோபமைனும் ஒன்று என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த முடிச்சு விழுவதற்கு முன்பே ஸ்வீடனில் சில முயல்கள் வேறொரு கதை சொல்லியிருந்தன. 1957இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசெர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். மூளையின் டோபமைன் சேமிப்பை அது காலி செய்துவிடும். முயல்கள் காதைத் தொங்கவிட்டு அசையாமல் கிடந்தன. மூளை டோபமைனாக மாற்றிக்கொள்ளக்கூடிய டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் நடமாடத் தொடங்கின. பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது இந்தப் பாதையில்தான். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ரிசெர்பின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் காடுகளில் வளரும் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து. மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அந்த வேர் கேட்கிறது என்று 1931லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதிவிட்டார்கள். வேர் இங்கே, நோபல் அங்கே. இதைச் சொன்னால் உடனே 'எல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். தெரிந்தது வேரின் பலன். அது மூளைக்குள் என்ன செய்கிறது என்பதை யாரோ காசு போட்டு, வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. "முயலின் காது நிமிர்கிறதா என்று பார்க்கப்போகிறேன்" என்ற விண்ணப்பத்துக்கு இன்று நம் ஊரில் நிதி கிடைக்குமா? 'இதனால் நாட்டுக்கு என்ன உடனடிப் பயன்?' என்ற கட்டத்திலேயே அது நின்றுவிடும் என்பது என் சந்தேகம்.

சரி, இன்பத்துக்கு வருவோம். எலிக்கு இனிப்புப் பிடித்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கைப் பார்த்தால் போதும். சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டைத் துழாவும். கைக்குழந்தையும் அப்படித்தான் செய்யும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் கூட்டாளிகளும் 1989இல் எலிகளின் டோபமைன் நரம்புகளை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்தார்கள். அந்த எலிகள் தாமாகச் சாப்பிடவே போகாது. அப்படியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும். ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால்? வழக்கம்போல நாக்கால் துழாவி ரசித்தன. ரசனை அப்படியே இருக்கிறது, கிளம்பத்தான் முடியவில்லை.

இதற்கு அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சலமோன் குழு 1990களில் செய்தது. மரப்பலகை, கம்பிவலை, எலித்தீனி தவிர அதில் கண்ணைக் கவரும் சாமான் எதுவுமில்லை.

ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் ஒரு பாதை. எலி அடியிலிருந்து வந்து இடமா வலமா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் 2 தீனி உருண்டைகள், வழியில் தடை ஏதும் இல்லை. மறுபக்கம் 4 உருண்டைகள், ஆனால் நடுவில் 44 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர். வாலை விட்டுவிட்டால் எலியின் நீளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழகிய எலிகள் இதற்கெல்லாம் அசருவதில்லை. ஏறிக் குதித்து 4 உருண்டைகளைத் தின்றன.

இப்போது எலியின் முன்மூளையில் அக்கும்பென்ஸ் என்ற சின்னப் பகுதியில் மட்டும் டோபமைனை வெகுவாகக் குறைத்தார்கள். எலிகள் சுவர்ப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டன. 2 உருண்டை போதும் என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

ஏறத் தெம்பில்லையோ என்று நினைக்கத் தோன்றும். பசி மந்தமாகிவிட்டதோ, 4க்கும் 2க்கும் வித்தியாசம் தெரியவில்லையோ என்றும் கேட்கலாம். ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் மடக்கிய விதம்தான் அழகு. சுவரை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்: எலிகள் நேராக 4 உருண்டைப் பக்கம் போயின. ஆக எண்ணிக்கை தெரிகிறது, ஆசையும் இருக்கிறது. அடுத்து, சுவரைத் திரும்ப வைத்து, மறுபக்கத்து 2 உருண்டைகளை எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்றதும் அதே எலிகள் அதே சுவரில் ஏறின! ஆக உடம்பிலும் கோளாறில்லை.

மாறியிருந்தது விலை. சந்தையில் பேரம் பேசுகிறவர் போல மூளை இதற்கு இவ்வளவு உழைப்புத் தகுமா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. டோபமைன் தாராளமாக இருந்தால் சுவர் பொருட்டில்லை. குறைந்தால் அதே சுவர் கட்டுபடியாகாத விலையாகிவிடுகிறது. இன்னொரு சோதனையில், விசையை 1 தடவை அழுத்தினால் ஒரு உருண்டை என்ற ஏற்பாட்டில் டோபமைன் குறைந்த எலிகள் மற்ற எலிகளைப் போலவே வேலை செய்தன. ஒரு உருண்டைக்கு 64 தடவை என்றதும் கையை விரித்துவிட்டன.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிரெட்வே குழு சோதனைக்கு வந்தவர்களுக்கு இரண்டு வேலைகளைக் காட்டியது. வலக்கை ஆட்காட்டி விரலால் 7 விநாடியில் 30 தடவை பொத்தானை அழுத்துவது ஒன்று. இடக்கைச் சுண்டுவிரலால் 21 விநாடியில் 100 தடவை அழுத்துவது இன்னொன்று. இதற்குக் கூலி அதிகம். (செய்துபாருங்கள், சுண்டுவிரல் கெஞ்சும்.) பரிசு கைக்கு வருமா என்பது சந்தேகமாக இருந்தபோதும் சுண்டுவிரலைத் தேர்ந்தவர்கள் யார்? மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், மருந்து கொடுத்துத் தூண்டியபோது ஸ்டிரயேட்டம் (அக்கும்பென்ஸை உள்ளடக்கிய ஆழ்மூளைப் பகுதி), நெற்றிமடல் பகுதிகளில் அதிக டோபமைன் வெளியிட்டவர்கள்.

ஆக, வாசகியின் கேள்வியில் முதல் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. வாசிக்கும்போது மகிழ்ச்சி வருகிறதா? ஆர்வம் நிஜம். உட்கார முடியாதது வேறு நரம்புச் சுற்றின் கணக்கு. வீணையை உறையிலிருந்து எடுப்பது, சுருதி சேர்ப்பது, போன வாரம் விட்ட இடத்தைத் தேடுவது என்று சுவரில் நிறையச் செங்கல் இருக்கிறது. மறுபக்கத்தில் கைபேசி, சுவரே இல்லாத 2 உருண்டை. மன உறுதியைக் கூட்டுவதைவிட வீணையை உறையில்லாமல் கண்ணெதிரே வைத்துக் கைபேசியை அடுத்த அறையில் வைப்பது மலிவான வைத்தியம். பத்து நிமிடம்தான் என்று பேசிக்கொள்வதும் அப்படியே. 64ஐ 1 ஆக்குகிற வேலை அது.

இங்கே 'உன் பேரார்வத்தைக் கண்டுபிடி' என்று மேடையில் முழங்கும் பேச்சாளர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆர்வம் ஏற்கனவே உள்ளே முழுதாக இருக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று சிங்கப்பூரின் பால் ஒகீஃபும், ஸ்டான்ஃபோர்டின் கரோல் டுவெக்கும் கிரெகரி வால்டனும் 2018இல் சோதித்தார்கள். கருந்துளைகள் பற்றிய ஒரு சுவையான காணொளியைப் பார்த்ததும் மாணவர்கள் பலருக்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. பிறகு அதே விஷயத்தில் ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் வளர்த்தெடுக்க வேண்டியது என்று நினைத்தவர்களைவிட, அது பிறவியிலேயே அமைந்தது என்று நினைத்தவர்களுக்குத்தான் சீக்கிரம் அணைந்தது. கடினமாக இருக்கிறதே, அப்போது இது என் துறை இல்லை போலும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இனி 'நான் சோம்பேறியா?' என்ற இரண்டாம் பாதி. தன்னைத் திட்டிக்கொண்டால் ரோஷம் வரும் என்று நம் வீடுகளில் உறுதியாக நம்புகிறோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோலும் டிமதி பிச்சிலும் ஷானன் பென்னட்டும் முதலாண்டு மாணவர்களைக் கவனித்து 2010இல் எழுதினார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், 'போகட்டும்' என்று தன்னை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் இன்னொன்றைப் பார்த்தார்கள். கடினமான சொல் தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தன்மேல் பரிவு காட்டும்படி சொல்லப்பட்டவர்கள் மறுதேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள்.

இவை டோபமைனை அளந்த சோதனைகள் இல்லை. எலியின் சுவரோடு இவற்றைச் சேர்த்துப் பார்ப்பது என் சொந்த ஊகம். ஆனால் ஊகத்துக்கு இடம் இருக்கிறது. வீணை முன்னால் உட்காரும்போதெல்லாம் 'மூன்று மாதமாக என்ன கிழித்தாய்?' என்ற வசவையும் கேட்டாக வேண்டும் என்றால், அதுவும் விலையில் சேர்ந்துகொள்ளத்தானே செய்யும்? வோல் குழுவினரின் ஆய்விலும் மன்னிப்பு வேலை செய்தது அந்தக் கசப்பைக் குறைத்ததன் வழியாகத்தான்.

கடைசியாக ஒன்று. மனிதனின் 8,600 கோடி நரம்பணுக்களில் டோபமைன் தயாரிப்பவை சில லட்சம்தான். அவற்றில் பெரும்பகுதி இருப்பது நடுமூளையில். 'நடுமூளையை விழிக்க வைக்கிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும்' என்று ஊர் ஊராக மிட்பிரெயின் வகுப்பு நடத்துகிறார்களே, அந்த நடுமூளைதான். அது தூங்கவில்லை. உங்கள் பிள்ளை நடப்பதும் கண்ணை உருட்டிப் பார்ப்பதும் அது வேலை செய்வதால்தான். கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்குப் பிள்ளை கேட்கிற வண்ணப்பெட்டியை வாங்கி, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.